ஸ்கேன் ஷேர்டு ஃபோல்டருக்குப் போகவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

காப்பியரில் காகிதம் உள்ளே போகிறது, வெளியே வருகிறது. ஆனால் கோப்பு மட்டும் ஷேர்டு ஃபோல்டரில் வந்து விழவில்லை. பேனலில் 'அனுப்ப இயலவில்லை' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு எண். இந்த நிலையில் பலரும் செய்வது கண்ணில் பட்ட செட்டிங்கை எல்லாம் மாற்றிப் பார்ப்பது: ஃபயர்வாலை அணைப்பது, ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்து விடுவது, எங்கோ படித்த பழைய எஸ்எம்பி 1-ஐ (நெட்வொர்க்கில் கோப்பைப் பகிரும் நெறிமுறையின் பழைய பதிப்பு) திரும்பக் கொண்டுவருவது. ஸ்கேன் போனாலும் எதனால் போனது என்று தெரியாது. திறந்து விட்டதை யாரும் மூடவும் மாட்டார்கள். அந்த ஃபோல்டரில் விழப்போவது அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு, ஒப்பந்தம் போன்றவை என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. எங்கே நிற்கிறது என்று முதலில் கண்டுபிடிப்போம், அந்த இடத்தை மட்டும் தொடுவோம்.

காப்பியர் முதலில் சர்வரை, அதாவது அந்த ஃபோல்டர் இருக்கும் கணினியை, கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் இருவரும் ஒரே எஸ்எம்பி பதிப்பில் பேச ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஏற்கப்பட வேண்டும். ஃபோல்டரில் எழுத அனுமதி வேண்டும். கடைசியாக, கோப்பு முழுதும் அறுபடாமல் போய்ச் சேர வேண்டும். எல்லா அறிகுறியும் இவற்றில் ஏதோ ஒன்றில்தான் வந்து நிற்கும்.

எதையும் மாற்றும் முன் ஒரு சோதனை

வேறொரு கணினியில் உட்காருங்கள். காப்பியரில் கொடுத்திருக்கும் அதே பாதை, அதே யூசர்நேம், அதே பாஸ்வேர்டை வைத்து அந்த ஃபோல்டரைத் திறங்கள். உள்ளே ஒரு சின்னக் கோப்பைப் போடுங்கள், பெயரை மாற்றுங்கள், அழியுங்கள். மூன்றும் நடந்தால் சர்வர் பக்கம் பெரும்பாலும் சரி. காப்பியரின் செட்டிங், எஸ்எம்பி பதிப்பு, அல்லது நடுவில் உள்ள நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று நடக்காவிட்டால் காப்பியரை விட்டுவிடுங்கள், வேலை சர்வரில்தான் இருக்கிறது.

இந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. அந்தக் கணினி ஏற்கெனவே வேறு யூசர்நேமில் அதே சர்வரோடு இணைந்திருந்தால், விண்டோஸ் புது பாஸ்வேர்டைக் கேட்காமலே பழைய அனுமதியில் ஃபோல்டரைத் திறந்து காட்டிவிடும். நீங்களும் 'கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது' என்று தவறாக நினைத்துக்கொள்வீர்கள். ஒரே சர்வருக்கு இரண்டு யூசர்நேமில் இணையவும் விண்டோஸ் விடாது. சர்வரின் பெயருக்குப் பதில் ஐபி முகவரியைப் போட்டுத் திறந்தால் அதை வேறு சர்வராக எடுத்துக்கொண்டு பெரும்பாலும் பாஸ்வேர்டைப் புதிதாகக் கேட்கும்.

காப்பியரின் செட்டிங்கைப் பேனலில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டாம். மெஷினின் ஐபி முகவரியை பிரவுசரில் போட்டால் அதன் நிர்வாகப் பக்கம் வரும். அட்ரஸ் புக்கை அங்கே திருத்துவது எளிது, எழுத்துப்பிழையும் கண்ணில் படும். பல மெஷின்களில் அங்கேயே 'இணைப்புச் சோதனை' பட்டனும் இருக்கும்.

அறிகுறி: 'சர்வர் கிடைக்கவில்லை', அல்லது நீண்ட நேரம் காத்திருந்து தோற்கிறது

நேரம் எடுத்துக்கொண்டு தோற்பதே ஒரு துப்பு. பாஸ்வேர்டு தவறென்றால் மறுப்பு சட்டென்று வந்துவிடும். அரை நிமிடம் சுற்றிக்கொண்டிருந்தால் மறுமுனையில் பதில் சொல்ல ஆளில்லை என்று பொருள்.

முதலில் காப்பியருக்கு ஒழுங்கான ஐபி முகவரி இருக்கிறதா பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் அதற்கு டிஹெச்சிபி-யிடமிருந்து (முகவரிகளைத் தானாக வழங்கும் சேவை) முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் பாருங்கள். முகவரி சரியாக இருந்தால், இலக்கில் சர்வரின் பெயரை எடுத்துவிட்டு ஐபி முகவரியைப் போட்டுப் பாருங்கள். உடனே வேலை செய்தால் குறை டிஎன்எஸ்-இல் (பெயருக்கு உரிய ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) இருக்கிறது. காப்பியரின் டிஎன்எஸ் செட்டிங்கில் அலுவலகத்தின் உள் டிஎன்எஸ் சர்வர் இருக்க வேண்டும்; வெளி இணையத்தின் பொது டிஎன்எஸ்-க்கு உங்கள் சர்வரின் பெயர் தெரியாது. ஐபி-யை அப்படியே வைத்துக்கொள்வதென்றால், சர்வருக்கு அந்த முகவரியை ரவுட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் மின்சாரம் போய் வந்ததும் முகவரி மாறி, மறுபடி இதே இடத்துக்கு வருவீர்கள்.

ஐபி போட்டும் வரவில்லையா? அடுத்தது ஃபயர்வால். எஸ்எம்பி இப்போது டிசிபி 445 போர்ட்டில் ஓடுகிறது. மிகப் பழைய மெஷின்கள் 139-ஐயும் நெட்பயாஸ் என்ற பழைய பெயர் முறையையும் நம்பியிருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் புதிதாக ஷேர் (பகிர்ந்த ஃபோல்டர்) உருவாக்கினால் ஃபயர்வால் 137 முதல் 139 வரையிலான பழைய போர்ட்டுகளைத் திறப்பதில்லை. காப்பியரில் போர்ட் எண் கேட்கும் இடம் இருந்தால் 445 என்று போடுங்கள்.

இலக்கு சாதாரண விண்டோஸ் கணினியாக இருந்தால் நெட்வொர்க் வகையையும் பாருங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் கோப்புப் பகிர்வு மூடியே இருக்கும், 'பிரைவேட்' ஆக்க வேண்டும். ரவுட்டர் மாற்றிய மறுநாள் ஸ்கேன் நின்றுபோனால் பெரும்பாலும் இதுதான்: விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு பப்ளிக் ஆக்கியிருக்கும்.

பிரைவேட் ஆக்கியும் நடக்கவில்லை, காப்பியரோ வேறு சப்நெட்டில் அல்லது தனி விலானில் (நெட்வொர்க்கின் தனியாகப் பிரித்த பகுதிகள்) இருக்கிறது என்றால், இன்னொரு நுணுக்கம். பிரைவேட் நெட்வொர்க்கில் கோப்புப் பகிர்வுக்கான ஃபயர்வால் விதி தன் சப்நெட்டிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும். அந்த விதியைத் திறந்து, அனுமதிக்கப்பட்ட முகவரிகளில் காப்பியரின் ஐபி-யை மட்டும் சேருங்கள். ஃபயர்வாலை முழுக்க அணைத்து ஐந்து நிமிடம் சோதிப்பது சரி, அணைத்தபடியே விட்டுப் போவது சரியல்ல.

அறிகுறி: கணினியிலிருந்து திறக்கிறது, காப்பியரிலிருந்து மட்டும் உடனே தோற்கிறது

பாஸ்வேர்டு சரி, பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்ற சோதனை) போகிறது, ஆனால் இணைந்த மாத்திரத்தில் அறுகிறது. இங்கே சந்தேகப்பட வேண்டியது எஸ்எம்பி பதிப்பு. பழைய காப்பியர்கள் பல எஸ்எம்பி 1 மட்டுமே பேசும். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவினால் எஸ்எம்பி 1-இன் சர்வர் பாகம் வருவதில்லை. நாஸ் பெட்டிகளிலும் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகள்) லினக்ஸிலும் ஓடும் கோப்புப் பகிர்வு மென்பொருளான சாம்பா, 2019-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 2-க்குக் கீழே இயல்பாக ஏற்பதில்லை. சர்வரைப் புதுப்பித்த அன்றே ஸ்கேன் நின்றதற்கு விளக்கம் பெரும்பாலும் இதில் இருக்கும்.

தீர்வை இந்த வரிசையில் தேடுங்கள். காப்பியரின் நெட்வொர்க் செட்டிங்கில் எஸ்எம்பி பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறதா? இருந்தால் 2, 3 இரண்டையும் இயக்குங்கள். இல்லையென்றால் மெஷினின் ஃபர்ம்வேரை (அதன் உள் மென்பொருளை) புதுப்பிக்கச் சொல்லி சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். பல மாடல்களுக்கு எஸ்எம்பி 2 அப்படித்தான் பின்னால் வந்தது; பராமரிப்பு ஒப்பந்தத்திலிருந்தால் தயங்காமல் கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் வழியை மாற்றுங்கள்: நாஸில் எஃப்டிபி-யை (கோப்பு அனுப்பும் இன்னொரு முறை) இயக்கி அதன் வழியாக அனுப்பலாம், அல்லது மின்னஞ்சலுக்கு ஸ்கேன் செய்யலாம். எஃப்டிபி-யில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும் என்பதால், ஸ்கேன் ஃபோல்டரைத் தவிர வேறெதையும் தொட முடியாத தனிக் கணக்கு அதற்கு அவசியம்.

எஸ்எம்பி 1-ஐ சர்வரில் திரும்ப இயக்குவது ஐந்து நிமிட வேலை. செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிய வானாகிரை புழு, எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினி விட்டுக் கணினி தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அலுவலகத்தின் மொத்தக் கோப்பும் இருக்கும் சர்வரை ஒரு காப்பியருக்காகப் பழைய நெறிமுறைக்குத் திறப்பது நியாயமான பேரம் இல்லை.

மெஷின் எஸ்எம்பி 2 அல்லது 3 பேசியும் தோற்கிறதென்றால் சைனிங்கைப் பாருங்கள். விண்டோஸ் 11 24எச்2-இன் ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் எஸ்எம்பி சைனிங் இயல்பாகவே கட்டாயம். அதாவது வரும் ஒவ்வொரு தகவலும் கையொப்பமிட்டு வர வேண்டும், இல்லையென்றால் ஏற்காது. பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தினராக உள்ளே வரும் பழைய ஷேர்களும் இதனால்தான் நிற்கின்றன. விருந்தினர் இணைப்பில் கையொப்பமிட முடியாது. காப்பியரில் சைனிங் செட்டிங் இருந்தால் இயக்குங்கள். சைனிங்கே தெரியாத மெஷினென்றால், இலக்கை வேறு இடத்துக்கு மாற்றுவதே நல்லது. வேறு வழியே இல்லையென்றால் மட்டும், அந்த ஒரு கணினியின் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் நெட்வொர்க் சர்வருக்கான 'எப்போதும் கையொப்பம்' விதியைத் தளர்த்தலாம். நடுவில் யாரும் தகவலைத் திருத்தவில்லை என்ற உறுதியை அப்போது இழக்கிறீர்கள் என்பது தெரிந்திருக்கட்டும்.

எஸ்எம்பி 3 என்கிரிப்ஷன் (மறையாக்கம்) கட்டாயமாக்கப்பட்ட ஷேரிலும் இதே அறிகுறி வரும். ஸ்கேனுக்குத் தனி ஷேர் போட்டால் மற்றவற்றின் பாதுகாப்பைக் குறைக்க வேண்டியிருக்காது.

அறிகுறி: 'லாகின் தோல்வி', 'அங்கீகாரம் தவறு'

நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். பாஸ்வேர்டைப் பத்து முறை திரும்ப அடிப்பதை விட, சர்வர் என்ன காரணம் சொல்கிறது என்று நேராகப் பார்த்துவிடலாம். விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். தோற்ற ஒவ்வொரு லாகினும் அந்த எண்ணில் பதிவாகும். லாகின் வகை 3 என்றிருந்தால் அது நெட்வொர்க் வழியாக வந்தது. வந்த இடத்தில் காப்பியரின் ஐபி இருக்கிறதா பாருங்கள். பிறகு ஸ்டேட்டஸ், சப் ஸ்டேட்டஸ் வரிகளில் உள்ள குறியீடு எப்படி முடிகிறது என்று பாருங்கள். 64 என்று முடிந்தால் அந்த யூசர்நேமே அங்கே இல்லை. 6ஏ என்றால் பெயர் சரி, பாஸ்வேர்டு தவறு. 71 என்றால் பாஸ்வேர்டு காலாவதி. 72 என்றால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. 224 என்றால் முதல் லாகினில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி கணக்கு காத்திருக்கிறது. 234 என்றால் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. தோற்ற லாகின்களைப் பதிவு செய்யும் தணிக்கை சில கணினிகளில் அணைந்திருக்கும்; முதலில் அதை இயக்கிவிட்டு ஒருமுறை ஸ்கேன் அனுப்புங்கள். தணிக்கை இயங்கியும் ஒரு வரியும் பதிவாகவில்லையென்றால் மெஷின் லாகின் வரைக்கும் வரவே இல்லை, மேலே உள்ள இரண்டு பகுதிகளுக்குத் திரும்புங்கள்.

64 வந்தால் பெயரை எழுதும் விதத்தைப் பாருங்கள். டொமைன் (அலுவலகக் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) இருந்தால் டொமைன்பெயர்\யூசர்நேம், இல்லையென்றால் கணினிப்பெயர்\யூசர்நேம். சில மெஷின்களில் டொமைனுக்குத் தனிக் கட்டம் இருக்கும். அங்கேயும் எழுதி, யூசர்நேமிலும் முன்னால் சேர்த்தால் இரண்டு முறை போய்விடும். திரையில் தெரியும் முழுப்பெயர் வேறு, லாகின் பெயர் வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

6ஏ வந்தால், கணினியைத் திறக்க நீங்கள் தட்டும் நான்கு இலக்க பின் இங்கே செல்லாது என்பதை நினைவில் வையுங்கள். அது அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்பவருக்கு மட்டுமே. பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக விடாது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 6ஏ வந்தால், அதிலுள்ள சிறப்புக் குறிகளைக் காப்பியர் தவறாக அனுப்புகிறதோ, நீளத்தை வெட்டுகிறதோ என்று சந்தேகப்படுங்கள். எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட பாஸ்வேர்டை வைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். காப்பியரில் அங்கீகார முறை என்டிஎல்எம் 1 என்றிருந்தால் மாற்றுங்கள்: என்டிஎல்எம் 1 விண்டோஸ் 11 24எச்2-இலும் விண்டோஸ் சர்வர் 2025-இலும் நீக்கப்பட்டுவிட்டது, 2-ஐத் தேர்ந்தெடுங்கள். கெர்பராஸ் (டொமைனில் பயன்படும் அங்கீகார முறை) என்றிருந்தால் இரண்டு விஷயம். காப்பியரின் கடிகாரமும் டொமைன் கன்ட்ரோலரின் (டொமைனை நடத்தும் சர்வர்) கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. இலக்கில் ஐபி முகவரிக்குப் பதில் சர்வரின் முழுப்பெயர் இருக்க வேண்டும்.

இந்தத் தொல்லைகளில் பாதியைத் தவிர்க்க, ஸ்கேனுக்கென்று தனி யூசர் கணக்கு உருவாக்குங்கள். யாருடைய சொந்தக் கணக்கும் வேண்டாம், அட்மின் கணக்கு வேண்டவே வேண்டாம். காப்பியரின் அட்ரஸ் புக்கில் சேமித்த பாஸ்வேர்டு எத்தனை பேர் கைக்கு எட்டும் என்று சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் புதுக் கணக்கு போடும்போது 'அடுத்த லாகினில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்' என்பது தானாகவே டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள், காப்பியரால் பாஸ்வேர்டு மாற்ற முடியாது. 'பாஸ்வேர்டு காலாவதியாகாது' என்பதை டிக் செய்யுங்கள். அந்தக் கணக்குக்கு ஸ்கேன் ஃபோல்டர் ஒன்றைத் தவிர வேறெங்கும் அனுமதி தராதீர்கள்.

அறிகுறி: லாகின் ஆகிறது, 'எழுத முடியவில்லை' அல்லது 0 கேபி கோப்பு விழுகிறது

விண்டோஸில் அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது. ஷேரிங் டேபில் ஒன்று, செக்யூரிட்டி டேபில் ஒன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். மேம்பட்ட பகிர்வு வழியாக ஷேர் போட்டால் ஷேரிங் பக்கம் எல்லோருக்கும் 'படிக்க மட்டும்' என்றுதான் இயல்பாக இருக்கும். செக்யூரிட்டியில் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும் அங்கே இடிக்கும். ஸ்கேன் கணக்குக்கு ஷேரிங்கில் 'மாற்ற', செக்யூரிட்டியில் 'மாடிஃபை' கொடுங்கள். வெறும் 'எழுத' பல மெஷின்களுக்குப் போதாது. அவை தற்காலிகப் பெயரில் கோப்பைத் தொடங்கி, முடிந்ததும் பெயர் மாற்றும். அதற்கு அழிக்கும் உரிமையும் வேண்டும். 0 கேபி கோப்போ விசித்திரமான பெயருள்ள அரைகுறைக் கோப்போ கிடந்தால் இதை முதலில் பாருங்கள். அடுத்து வட்டு நிறைந்துவிட்டதா, நாஸில் அந்தக் கணக்குக்கு அளவு வரம்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

'பாதை இல்லை' என்று வந்தால் எழுதிய பாதை தவறு. ஷேர் பெயரைத்தான் தர வேண்டும், சர்வரின் சி டிரைவிலிருந்து தொடங்கும் உள்பாதையை அல்ல. ஒரே கட்டமாக இருந்தால் \\192.168.1.20\ஸ்கேன் என்ற வடிவம். சர்வருக்கும் பாதைக்கும் தனித்தனிக் கட்டமாக இருந்தால் பாதையின் தொடக்கத்தில் சாய்கோடு இல்லாமல் ஷேர் பெயர் மட்டும். உதாரணத்துக்குத் தமிழில் எழுதியிருக்கிறேன், ஆனால் ஷேருக்கும் அதன் உள் ஃபோல்டர்களுக்கும் இடைவெளி இல்லாத ஆங்கிலப் பெயர் வையுங்கள். தமிழ் எழுத்துகளைக் கையாளத் தெரியாத காப்பியர்கள் உண்டு. டிஎஃப்எஸ் பாதையை (பல சர்வர்களின் ஷேர்களை ஒரே பெயரில் காட்டும் பாதை) கொடுத்திருந்தால், அது கடைசியில் எந்த சர்வரைக் காட்டுகிறதோ அந்த நேர்ப்பாதையைக் கொடுத்துப் பாருங்கள்.

அறிகுறி: நேற்று வரை போனது, இன்று போகவில்லை

யார் என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். 'ஒன்றும் மாற்றவில்லை' என்றுதான் பதில் வரும், ஆனால் தானாக மாறுபவை சில உண்டு. பாஸ்வேர்டின் ஆயுள் விண்டோஸில் இயல்பாக 42 நாள். விண்டோஸ் அப்டேட், ரவுட்டர், ஐபி பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கணக்கு அடிக்கடி பூட்டிக்கொள்வது தனிக் கதை. பாஸ்வேர்டை மாற்றியவர் அட்ரஸ் புக்கில் ஒரு பதிவைத் திருத்தியிருப்பார். அதே கணக்கு இன்னும் நாலைந்து பட்டன்களிலோ, மாடியில் உள்ள இன்னொரு மெஷினிலோ பழைய பாஸ்வேர்டோடு இருக்கும். அதை யார் அழுத்தினாலும் தவறான முயற்சி ஒன்று கூடும். விண்டோஸ் 11 22எச்2-இலிருந்து புதிதாக நிறுவிய கணினிகளில் பத்து தவறான முயற்சிக்குக் கணக்கு பத்து நிமிடம் பூட்டப்படும். பத்து நிமிடம் கழித்து ஸ்கேன் தானாகப் போவதால், குறை வந்து வந்து போவதுபோல் தோன்றும். சில நாஸ்களில் கணக்கு பூட்டப்படாது. காப்பியரின் ஐபி-யே தடைப் பட்டியலில் சேர்ந்துவிடும். அங்கே போய் நீக்கும் வரை எந்தக் கணக்கில் முயன்றாலும் பலனில்லை.

முதல் ஸ்கேன் தோற்று, உடனே அனுப்பும் இரண்டாவது போகிறதா? இலக்குக் கணினியோ நாஸின் வட்டோ தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுந்து வருவதற்குள் காப்பியர் பொறுமை இழந்துவிடுகிறது. தூக்க நேரத்தை நீட்டுங்கள், அல்லது வேலை நேரத்தில் நிறுத்தி வையுங்கள். பலர் வேலை செய்யும் நேரத்தில் மட்டும் தோற்கிறது, சர்வரோ சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 கணினி என்றால், அது ஒரே நேரத்தில் 20 இணைப்புகளை மட்டுமே ஏற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அறிகுறி: இரண்டு பக்கம் போகிறது, ஐம்பது பக்கம் பாதியில் நிற்கிறது

அனுமதியும் லாகினும் சரியென்று இதிலேயே தெரிகிறது, அவற்றைத் தொடாதீர்கள். ஒரு ஏ4 பக்கம் 300 டிபிஐ வண்ணத்தில் சுருக்குவதற்கு முன் சுமார் 26 எம்பி. 600 டிபிஐ ஆக்கினால் நான்கு மடங்கு, 100 எம்பி-யைத் தாண்டும். சாதாரண ஆவணத்துக்கு 200 அல்லது 300 டிபிஐ, கறுப்பு வெள்ளை அல்லது கிரே போதும். குறைத்ததும் போனால், மெஷினின் நினைவகமோ இணைப்பின் காத்திருப்பு நேரமோதான் எல்லை.

குறைத்தும் மெதுவாக ஊர்ந்தால் சுவிட்ச் போர்ட்டைப் பாருங்கள். ஒரு முனையில் வேகத்தை நிரந்தரமாகப் பூட்டி, மறுமுனையைத் தானியங்கியில் விட்டிருந்தால் ஒரு பக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பியும் வாங்கியும்), மறுபக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸ் (மாறி மாறி) ஆகிவிடும். சின்னக் கோப்பு போகும், பெரியது திணறும். இரண்டு முனையையும் தானியங்கியில் விடுங்கள்.

அறிகுறி: கோப்பு வந்துவிட்டது, ஆனால் மற்றவர்களால் திறக்க முடியவில்லை

நேராக அந்த ஃபோல்டரில் விழும் கோப்பு ஃபோல்டரின் அனுமதியையே பெறும். ஆகவே படிக்க வேண்டியவர்களின் குழுவுக்கு ஃபோல்டரிலேயே அனுமதி கொடுத்துவிட்டால் போதும். சிக்கல் பெரும்பாலும் அதற்கப்புறம் வருகிறது: சர்வரில் உட்கார்ந்து யாரோ அந்தக் கோப்பை அதே டிரைவில் உள்ள வேறு ஃபோல்டருக்கு நகர்த்துகிறார்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் கோப்பு தன் பழைய அனுமதியைக் கூடவே எடுத்துப் போகும். நகலெடுத்தால் புது ஃபோல்டரின் அனுமதி வரும். அந்தக் கோப்புகளை நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிக்கச் சொல்லுங்கள், அல்லது ஒவ்வொரு துறைக்கும் தனி ஃபோல்டர், தனி பட்டன் போட்டு ஸ்கேனை நேராக அங்கேயே விழவிடுங்கள்.